ஒரே போத்தல், இரண்டு உம்மாமார்: விற்றமின் டி வளரும் பிள்ளையின் உடலில் என்ன செய்கிறது?

கடந்த தவணைப் பெற்றோர் சந்திப்பு முடிந்து வகுப்பறையைப் பூட்டப்போன நேரத்தில் இரண்டு தாய்மார் என்னிடம் வந்தார்கள். ஒருவரின் மகள் தரம் 8, சற்றுப் பருமனான பிள்ளை. மற்றவரின் மகள் தரம் 7, காலைக்கூட்ட வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்கும் மெலிந்த, கட்டையான பிள்ளை. முதலாமவர் கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டி, "டீச்சர், இந்த விற்றமின் டி குடுத்தா புள்ள மெலியுமாமே, உண்மையா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். அதே போத்தலைத்தான் அவரும் வாங்கி வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்த தகவலின்படி அதைக் கொடுத்தால் பிள்ளை சதை பிடித்து உயர்ந்து வருமாம்.

இருவருக்கும் செய்தி வந்தது கைத்தொலைபேசி வழியாகத்தான். நான் விஞ்ஞானமும் சுகாதாரமும் கற்பிக்கும் ஆசிரியை, வைத்தியர் அல்ல. "இரண்டு நாள் தாங்க, வாசிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிட்டது. இந்த விடயத்தில் நான் பல வருடங்களாக வகுப்பில் சொல்லி வந்த ஒன்றும் பிழை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நிறையைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலைகளில் வருடந்தோறும் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளந்து உடற்திணிவுச் சுட்டியைக் கணிக்கிறோம். ஆனால் தராசுக்குக் கொழுப்பு எது, தசை எது, எலும்பு எது என்று தெரியாது. ஒரே உயரமும் ஒரே நிறையும் கொண்ட இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி தசையும் எலும்பும் உறுதியாக உள்ளவளாகவும் மற்றவள் கைகால் மெலிந்து வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தவளாகவும் இருக்கலாம். எமது பிராந்தியத்துப் பிள்ளைகளில் இது சாதாரணம். இந்தியாவின் பூனே நகரில் வைத்தியர் யாஜ்னிக் தலைமையிலான குழுவினர் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் குழந்தைகளுடன் ஒப்பிட்டார்கள். பூனே குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைகளினது 3.5 கிலோ. குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் வயிற்றறை உறுப்புகளும்தான். தோலடிக் கொழுப்பு அந்தளவுக்குக் குறைந்திருக்கவில்லை. மெலிந்து தெரியும், ஆனால் உள்ளே கொழுப்பு இருக்கும். இலங்கைச் சிறுவர்களிலும் இதே போக்குக் காணப்படுகிறது. ஆகவே "எங்கட புள்ள மெலிவுதானே" என்று ஆறுதல் கொள்வதும், "நிறை கூடிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்று மகிழ்வதும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. கேட்க வேண்டியது, கூடிய நிறை எதனால் ஆனது என்பதே.

இங்குதான் விற்றமின் டியின் கதை வருகிறது.

விற்றமின் டி ஏனைய விற்றமின்களைப் போன்றதல்ல. சூரிய ஒளியிலுள்ள ஒரு வகைப் புறஊதாக் கதிர் தோலில் பட்டதும், தோலிலுள்ள கொலஸ்திரோலை ஒத்த ஒரு பொருள் விற்றமின் டியாக மாறுகிறது. உணவிலிருந்து கிடைப்பதும் இதனுடன் சேர்கிறது. ஈரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. இரத்தப் பரிசோதனையில் அளப்பது அந்த வடிவத்தைத்தான். பின்பு சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றுகிறது. அதன் பிறகுதான் அது வேலைக்குத் தயாராகிறது. அந்த நிலையில் அதை விற்றமின் என்பதை விட ஓமோன் என்பதே பொருத்தம்.

அதன் முதல் வேலை குடலில். நாம் உண்ணும் கல்சியத்தில் 10 முதல் 15 வீதமே விற்றமின் டி இல்லாதபோது உடலில் சேரும். போதியளவு இருந்தால் அது 30 முதல் 40 வீதம் வரை உயரும். அதாவது பிள்ளைக்குப் பாலும் நெத்தலியும் கொடுத்து, விற்றமின் டி இல்லாமல் விட்டால் கல்சியத்தின் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்சியமே இல்லாத சாப்பாட்டுக்கு விற்றமின் டி மாத்திரை மட்டும் கொடுத்தாலும் எலும்பு வளராது. மேசன் வந்து நின்றாலும் சீமெந்து வேண்டும்.

கடும் குறைபாடு ஏற்பட்டால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது. கால் வளைதல், மணிக்கட்டு தடித்தல், உச்சிக்குழி மூடத் தாமதமாதல் எல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளவை. புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று, ரிக்கெட்ஸ் தசையையும் தாக்கும் என்பது. அந்தப் பிள்ளைகள் பிந்தி நடப்பதும், படியேறச் சிரமப்படுவதும், அசைந்து அசைந்து நடப்பதும் எலும்பு வளைந்ததால் மாத்திரமல்ல. தசையே பலவீனப்பட்டிருக்கும். 1919ஆம் ஆண்டு எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் அடைத்து, ஓட்ஸ் போன்ற உணவு கொடுத்து ரிக்கெட்ஸை உண்டாக்கி, கொட் மீனின் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற வைத்தியர் புறஊதா விளக்கின் ஒளியால் ரிக்கெட்ஸ் பிள்ளைகளைக் குணப்படுத்தினார். ஒருவர் உணவால், மற்றவர் ஒளியால். இரண்டும் ஒரே பொருளைத்தான் தந்தன என்பது பின்னர்தான் விளங்கியது.

சரி, ரிக்கெட்ஸ் இல்லாத, ஓடியாடித் திரியும் சாதாரணப் பிள்ளைக்கு மேலதிகமாக விற்றமின் டி கொடுத்தால் தசை கூடுமா, கொழுப்புக் குறையுமா?

இந்தக் கேள்வியை எம்மைப் போன்ற ஒரு சூழலில் வைத்துப் பார்த்த ஆய்வு லெபனானில் நடந்தது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வைத்திய நிபுணர் காதா எல்ஹாஜ் ஃபுலைஹான் தலைமையிலான குழு, வெயில் நிறைந்த அந்த நாட்டிலேயே பாடசாலைப் பிள்ளைகளிடம் விற்றமின் டி குறைவாக இருப்பதையும், உடலை மூடி ஆடை அணியும் மாணவிகளிடம் அது மேலும் குறைவதையும் முதலில் கண்டறிந்தது. பின்பு 10 முதல் 17 வயது வரையான 179 மாணவிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வாரத்துக்கு 1,400 அலகும், இன்னொரு சாராருக்கு 14,000 அலகும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத எண்ணெயும் ஒரு வருடம் கொடுத்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. விற்றமின் டி பெற்ற இரண்டு குழுவிலும் கொழுப்பற்ற நிறை, அதாவது பெரும்பாலும் தசை, கூடியிருந்தது. ஆனால் அந்தப் பலன் பெரிய பிள்ளையாகாத மாணவிகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. மாதவிடாய் தொடங்கியவர்களிடம் தசையிலும் எலும்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அந்தத் தரம் 7 பிள்ளையின் ஞாபகம் வந்தது. பருவமடைவதற்குச் சற்று முந்திய காலம் உடம்பு கட்டியெழுப்பப்படும் காலம். வளர்ச்சி உச்ச வேகத்தில் இருக்கும் சுமார் இரண்டு வருடங்களில் மட்டும், வளர்ந்தவரின் எலும்புக் கனியுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 11 முதல் 13 வயதுக்குள் வந்து போய்விடுகிறது. எமது வீடுகளில் பிள்ளையை வெளியே விளையாட விடுவது நின்று போவதும் சரியாக அந்த வயதில்தான்.

ஆனால் லெபனான் ஆய்வை மட்டும் சொல்லி நிறுத்தினால் போத்தல் விற்பவருக்கு நான் விளம்பரம் செய்வதாகிவிடும். அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆய்வு மொங்கோலியாவின் தலைநகர் உலான்பாட்டரில் நடந்தது. 6 முதல் 13 வயது வரையான 8,851 பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் விற்றமின் டி மிகவும் குறைவு. குளிர் நாடு, நீண்ட மாரி. பாதிப் பேருக்கு வாரந்தோறும் 14,000 அலகு வீதம் மூன்று வருடங்கள் கொடுத்தார்கள். இரத்த அளவு நன்றாக உயர்ந்தது. ஆனால் காசநோய்த் தொற்றுக் குறையவில்லை. ஆய்வின் பிரதான நோக்கமே அதுதான். உயரமும் கூடவில்லை, கொழுப்பும் குறையவில்லை, தசையும் கூடவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் சுமார் 1,700 பிள்ளைகளிடம் செய்ததிலும் வளர்ச்சியிலோ உடலமைப்பிலோ வித்தியாசம் தென்படவில்லை. பங்களாதேஷின் டாக்காவில் 1,300 கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளைகள் ஒரு வயதில் உயரமாக இருக்கவில்லை.

இடையில் வேறு சில ஆய்வுகளும் உண்டு. டில்லியில் நிறை குறைந்து பிறந்த 2,000க்கும் மேற்பட்ட சிசுக்களுக்கு வாரத்துக்கு 1,400 அலகு கொடுத்தபோது ஆறு மாதத்தில் நிறையும் நீளமும் சற்றுக் கூடியிருந்தன. அந்த முன்னேற்றம் பின்னைய வயதில் நிலைக்கவில்லை. கனடாவின் மொன்றியலில் 132 குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவில் கொடுத்து மூன்று வயதில் அளந்தபோது, இரத்தத்தில் விற்றமின் டி கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கொழுப்புச் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் கூடுதல் மருந்து பெற்ற குழு, குறைந்த மருந்து பெற்ற குழு என்று ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை.

இவற்றை எல்லாம் சேர்த்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். அத்திவாரத்துக்கு நீர் வேண்டும், அதற்காகக் கூடுதலாக ஊற்றினால் சுவர் உயராது. குறைபாடு கடுமையாக இருக்கும்போது அதை நிரப்பினால் எலும்புக்கும் தசைக்கும் பலன் உண்டு. மொங்கோலிய ஆய்வில் ரிக்கெட்ஸ் அறிகுறி உள்ள பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் உயரத்துக்கென்றும் மெலிவதற்கென்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டையான பிள்ளைக்கு வேண்டியது முதலில் போதியளவு சாப்பாடு, அதில் புரதம். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் முட்டையையும் மீனையும் பால்மாவையும் குறைத்துக்கொண்ட வீடுகள் எத்தனை என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

இனிப் பருமனான பிள்ளையின் விடயம். பருமனானவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி குறைவு என்பது உண்மை. அதிலிருந்துதான் "விற்றமின் டி குறைந்ததால் பருத்தது, கொடுத்தால் மெலியும்" என்ற கதை பிறந்தது. இது காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்ட கதை. விற்றமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்புக் கூடும்போது அது அங்கே போய்ப் படிந்து, இரத்தத்துக்கு வருவது குறைகிறது. அமெரிக்காவின் பொஸ்டனில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், பருமனானவர்களுக்கும் ஏனையவர்களுக்கும் ஒரே அளவு புறஊதா ஒளி கொடுத்தபோது பருமனானவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி உயர்ந்த அளவு 57 வீதம் குறைவாக இருந்தது. 2013இல் சுமார் 42,000 பேரின் பரம்பரை அலகுகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. பருமனாக்கும் பரம்பரை அலகுகள் உள்ளவர்களிடம் விற்றமின் டி குறைவாக இருந்தது. ஆனால் விற்றமின் டியைக் குறைக்கும் பரம்பரை அலகுகள் உள்ளவர்கள் பருமனாக இருக்கவில்லை. அம்பு ஒரு பக்கமாகத்தான் போகிறது.

அப்படியானால் பருமனான பிள்ளைக்கு விற்றமின் டி தேவையில்லையா? தேவை. அவளது எலும்புக்காக, மற்றவர்களை விடச் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். மெலிவதற்கு வழி வேறு. இனிப்புப் பானத்தைக் குறைப்பதும், ஓட விடுவதும், இரவில் தூங்க விடுவதும்தான்.

இப்போது எனது பிழைக்கு வருகிறேன். "காலை ஏழு மணி இளவெயிலில் பிள்ளையைக் காட்டுங்கள், விற்றமின் டி கிடைக்கும்" என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனது உம்மா எனக்குச் சொன்னது, நான் வகுப்பில் சொன்னேன். அந்த நேரத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் தேவையான கதிரில் பெரும்பகுதியை வளிமண்டலமே வடிகட்டிவிடுகிறது. இளவெயில் இதமாக இருக்கும், விற்றமின் டி அதில் மிகச் சொற்பம். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து காய்ந்தாலும் கிடைக்காது, அந்தக் கதிர் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை.

எப்போது கிடைக்கும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருக்கும்போது கிடைக்கும். நிழலை அளந்து நேரம் அறிவது எமக்குப் புதிதல்ல. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் விழும் நிழல் போக, அதன் உயரத்தை எட்டும்போது அஸர் நேரம் நுழைகிறது. ஆக, எமது நாட்டில் காலை ஒன்பதரை மணிக்குப் பின்னிருந்து அஸரை அண்டிய நேரம் வரை உள்ள வெயில்தான் பயனுள்ள வெயில். பாடசாலை இடைவேளை பத்தரை மணியளவில் வருகிறது. அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகளை வகுப்புக்குள் இருக்கச் சொல்லிச் சத்தம் போடும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். உச்சி வெயிலில் மணிக்கணக்காக நிற்கச் சொல்லவில்லை. வெப்பம் வேறு ஆபத்து. கருமையான தோலுக்கு வெள்ளையர்களை விடக் கூடுதல் நேரம் வேண்டும் என்றாலும், கையும் காலும் வெளித்தெரிய அரை மணிநேரத்துக்குள் வாரத்தில் சில நாட்கள் போதும்.

கையும் காலும் என்றதும் எமது பெண் பிள்ளைகளின் விடயம் வருகிறது. ஆடையை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. வீட்டு முற்றமும் மொட்டை மாடியும் மதில் சூழ்ந்த மகளிர் பாடசாலை மைதானமும் எதற்காக இருக்கின்றன? மஹ்ரமிகள் மட்டும் உள்ள முற்றத்தில் அரைக்கைச் சட்டையுடன் உடுப்புக் காயப்போடும் பிள்ளைக்கு அது போதும். உண்மையான தடை மேலாடை அல்ல, நேர அட்டவணை. விடிய மதரஸா, பிறகு பாடசாலை, பின்னேரம் டியூஷன். வெயில் உள்ள நேரமெல்லாம் கூரைக்குக் கீழே. பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், அதிலும் பெண் பிள்ளைகளின் பாடவேளையைத்தான் முதலில். வெயிலும் போகிறது, தசையை வளர்க்கும் ஓட்டமும் போகிறது. எந்தப் போத்தலாலும் இந்த இரண்டாவதை ஈடுசெய்ய முடியாது.

வெயில் குறையும்போது உணவின் பங்கு கூடுகிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 அலகும், சிசுவுக்கு 400 அலகும் என்பது அமெரிக்க நிபுணர் குழு 2010இல் வகுத்த அளவு. தாய்ப்பாலில் விற்றமின் டி மிகக் குறைவு என்பதால் சிசுவுக்குத் துளி மருந்து வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்பது நல்லது. சமையலறையில் பார்த்தால், ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 அலகு. டின்னில் வரும் சாளை மீன் 100 கிராமில் சுமார் 200 அலகு. கொட் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 450 அலகு. சாதாரண மீன் எண்ணெய்க் கெப்சியூல் வேறு, ஈரல் எண்ணெய் வேறு. பலர் முன்னதை வாங்கிக்கொண்டு பின்னதை வாங்கியதாக நினைக்கிறார்கள். பசுப்பாலில் இயற்கையாக அதிகம் இல்லை. பால்மாவிலும் மாஜரினிலும் சேர்த்திருந்தால் பெட்டியில் எழுதியிருக்கும், வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

எமது நாட்டில் மீனுக்குக் குறைவில்லை. சாளை, சூடை, கும்பளா போன்ற எண்ணெய்ப் பற்றுள்ள மீன்கள் விலையிலும் பெரிய மீன்களை விட மலிவு. முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீனென்றால் கல்சியமும் கூடவே வரும். ஆனால் நாங்கள் மீனைப் பொரித்துவிடுகிறோம். சமன் மீனில் செய்து பார்த்தபோது, எண்ணெயில் பொரித்ததில் விற்றமின் டியின் பாதியளவே மிஞ்சியது. வாட்டி எடுத்ததில் அநேகமாகக் குறையவில்லை. கொழுப்பில் கரையும் பொருள் எண்ணெய்ச் சட்டியில் இறங்கிவிடுகிறது. ஆணம் வைத்தால் இறங்கியது ஆணத்திலேயே இருக்கும், அதையும் சோற்றோடு தின்றுவிடுவோம். எங்கள் மூத்தம்மாமார் வைத்த சாளை ஆணத்தை இன்றைய பிள்ளைகள் முகம் சுளித்துத் தள்ளுவது வேறு கவலை.

மாத்திரை பற்றிக் கேட்பவர்கள் இரண்டு விடயம் கேட்கிறார்கள். ஒன்று, ஹலாலா என்பது. விற்றமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாராகிறது. டி2 என்பது ஈஸ்ட், காளான் வகையிலிருந்து வருவது. சந்தேகம் எழுவது பெரும்பாலும் மருந்தில் அல்ல, கெப்சியூலின் ஜெலட்டின் உறையில். துளியாகவும் உறையற்ற மாத்திரையாகவும் கிடைப்பதால் பார்மசியில் கேட்டு அவற்றை வாங்கலாம்.

மற்றது, கூடினால் என்ன என்பது. நீரில் கரையும் விற்றமின்கள் கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். இது போகாது, கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1950களில் பிரித்தானியாவில் சிசுக்களின் பால்மாவிலும் தானிய உணவிலும் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்ததால் இந்தக் கோளாறு வந்ததாகக் கருதி, பின்னர் அளவைக் குறைத்தார்கள். 9 வயதுக்கு மேற்பட்டவருக்கு நாளொன்றுக்கு 4,000 அலகும், 4 முதல் 8 வயது வரை 3,000 அலகும் மேல் எல்லை. அந்தத் தாய்மார் காட்டிய போத்தலில் ஒரு கெப்சியூலில் 50,000 அலகு என்று எழுதியிருந்தது. கடுமையான குறைபாட்டுக்கு வைத்தியர் வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பது. தரம் 8 பிள்ளையின் தாய், அதை நாளாந்தம் கொடுக்க நினைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து இருவரையும் அழைத்துப் பேசினேன். போத்தலை அலுமாரியில் வைத்துவிடச் சொன்னேன். கால் வளைவோ, எலும்பு நோவோ, படியேறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு ஏறுவதோ இருக்கிறதா என்று கேட்டேன். மெலிந்த பிள்ளையின் தாய் கொஞ்சம் யோசித்தார். "மாடி வகுப்புக்குப் போறதுக்குக் கஷ்டம் எண்டு சொல்றவதான் டீச்சர், நான் பஞ்சி எண்டு நெனச்சேன்" என்றார். அவரைப் பிள்ளையுடன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு அடுத்த கிழமை வரும். மற்றப் பிள்ளை இப்போது இடைவேளையில் எல்லே விளையாடுகிறாள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வது என் பொறுப்பாகியிருக்கிறது.